ஏகாந்தன் சாப்பிட்டாரா?

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கும் உதயசூரியனிடம் ஒரு நாளைக்கு முந்நூறு பேராவது கேள்வி கேட்பார்கள். "அறந்தாங்கி வண்டி போயிருச்சா?" "பட்டுக்கோட்டை வண்டி எங்கிட்டு நிக்கும்?" "கீரமங்கலம் வண்டி உண்டா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல." அத்தனை பேருக்கும் அவர் சரியான பதிலைச் சொல்வார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர் கண்ணெதிரிலேயே திரும்பி, பக்கத்தில் அவித்த கடலை விற்கும் பிச்சையிடம் அதே கேள்வியைக் கேட்டு, பிச்சை தலையை ஆட்டிய பிறகுதான் நகர்வார்கள். பிச்சைக்கு ஒரு வண்டியின் நேரமும் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டால் ஆள் கடலை வாங்கும் என்பது மட்டும் தெரியும்.

பெயர் என்னவோ பெரிய பெயர்தான். அப்பா தீவிரக் கட்சிக்காரர். பிறந்த பையனுக்குத் தலைவர் பெயரெல்லாம் போதாது என்று சின்னத்தையே வைத்துவிட்டார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐம்பத்து நான்கு வருடம் காலம் தள்ளுவது லேசான காரியம் இல்லை. வாத்தியார்கள் கிண்டல் செய்தார்கள், கண்டக்டர்கள் கிண்டல் செய்தார்கள், மாற்றுக் கட்சி ஆட்சி வந்த போதெல்லாம் டெப்போவில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். மனிதர் எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டு நேரம் குறிக்கும் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்.

ஆனால் போனுக்குள் அவர் வேறு ஆள்.

'நீலச்சங்கு நண்பர்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. நூற்று அறுபத்து மூன்று பேர். எண்பதுகளில் மாதம் ஒன்றாக வந்து, எழுபத்திரண்டு இதழோடு மூச்சை நிறுத்திக்கொண்ட 'நீலச்சங்கு காமிக்ஸ்' என்ற உள்ளங்கை அளவுப் புத்தகத்துக்காக இன்றைக்கும் உயிரை விடுகிற கூட்டம். அங்கே உதயசூரியன் சொன்னால் சொன்னதுதான். பிச்சையைக் கேட்க அங்கே ஆள் கிடையாது.

சிங்கப்பூரில் இருக்கும் வீரய்யா ஒரு நாள் கேட்டார்: "முப்பத்தொண்ணாம் நம்பர் யார்கிட்டயாச்சும் இருக்கா? இருபது வருசமாத் தேடுறேன்."

உதயசூரியன் பதில் போட்டார்: "தேடாதீங்க தம்பி. அப்படி ஒண்ணு தனியா வரவே இல்ல. அந்த மாசம் பேப்பர் தட்டுப்பாடு. முப்பதையும் முப்பத்தொண்ணையும் சேத்து ஒரே புத்தகமாப் போட்டாங்க. அட்டையில முப்பதுன்னுதான் இருக்கும். உள்ள ரெண்டாம் பக்கத்துல, கீழ, எறும்பு சைசுல ரெண்டு நம்பரும் இருக்கும். பாருங்க."

ஐந்தாவது நிமிடம் வீரய்யாவிடமிருந்து படம் வந்தது. எறும்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "அண்ணே! இத்தன வருசமா என் அலமாரியிலயே இருந்திருக்கு!" என்று எழுதி, அழுகிற பொம்மைகளாக ஏழு போட்டிருந்தார்.

அட்டையில் உள்ள சங்கு இடம்புரியாக இருந்தால் முதல் பதிப்பு, வலம்புரியாக இருந்தால் மறுபதிப்பு என்று கண்டு சொன்னவர் உதயசூரியன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பாச்சை உருண்டை போடாதீர்கள், வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து வையுங்கள் என்றவர் அவர். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளை நூலால் தைக்கச் சொன்னவரும் அவரே. ஒவ்வொரு பதிலுக்கும் நன்றி வரும், கும்பிடு வரும். பஸ் ஸ்டாண்டில் ஒரு கையால் நேரம் குறித்துக்கொண்டே மறு கையால் அந்தக் கும்பிடுகளை எண்ணிப் பார்ப்பார். எண்ணினால் என்ன தப்பு? இருபத்தாறு வருட வேலையில் அவரை ஒரு பயணியும் கும்பிட்டதில்லை.

இந்தப் புகழுக்கெல்லாம் சிகரமாக ஒன்று இருந்தது. அதுதான் 'சாப்பாட்டு முடிவு'.

நீலச்சங்கின் பெரிய நாயகன் இன்ஸ்பெக்டர் ஏகாந்தன். ஏதோ வெளிநாட்டு ஓவியர் வரைந்த ஆள். தொப்பியும் நீளக் கோட்டுமாகப் பனியில் நடப்பான். தமிழில் வசனம் எழுதியவர்கள் அவனுக்கு ஏகாந்தன் என்று பெயர் வைத்து, மரியாதையாக 'ஏகாந்தன் சிரித்தார், ஏகாந்தன் சுட்டார்' என்று எழுதினார்கள். அவனுடைய ஆரம்பகாலக் கதைகள் ஐந்து, குழுவில் யாரிடமும் இல்லை. ஆனால் உதயசூரியன் அந்த ஐந்தையும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில், லீவுக்குக் கீரமங்கலம் போனபோது, தாய்மாமாவின் மாவு மில்லில் படித்திருந்தார். மாவரைக்க வந்து காத்துக் கிடக்கும் பிள்ளைகள் மெஷினில் கை விட்டுவிடக் கூடாதே என்று மாமா வாங்கிப் போட்ட புத்தகங்கள் அவை.

அந்த ஐந்து கதைகளும் எப்படி முடியும் என்று ஒருவர் கேட்க, உதயசூரியன் மனப்பாடமாக ஒப்பித்தார். 'ஏழாவது சாவி': ஏகாந்தன் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். 'பேசும் கடிகாரம்': வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். 'பனிமலைப் பயணி': பனிமலையில் ஏழு பேரைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கேப்பைக் கூழும் மோர்மிளகாயும் சாப்பிட்டார். மற்ற இரண்டிலும் இதே கதைதான், குழம்பு மட்டும் வேறு.

சொன்னதோடு விட்டாரா? அதிலிருந்து ஒரு கொள்கையே கண்டுபிடித்துவிட்டார். சொந்தபந்தம் இல்லாத ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரனாக்க, தமிழாக்கியவர் வேண்டுமென்றே செய்த மேதைமை அது என்று மூன்று நீளமான பதிவுகள் போட்டார். குழுவே சொக்கிப் போயிற்று. அன்றிலிருந்து அங்கே பேச்சை முடிக்க யாரும் வணக்கம் சொல்வதில்லை. "ஏகாந்தன் சாப்பிட்டாரா?" என்று ஒருவர் கேட்க, "சாப்பிட்டார்" என்று மற்றவர் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

குழுவை நடத்தும் சார்லஸ் புதுக்கோட்டையில் வரலாற்று ஆசிரியர். எழுபத்திரண்டு இதழ்களுக்கும் தேதி, கதை, முதல் பக்கம், கடைசிப் பக்கம் எல்லாம் போட்டு ஒரு பட்டியல் புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் நண்பர்கள் கூடி அதை வெளியிடுவது என்று ஏற்பாடு. முன்னுரை உதயசூரியன். தலைப்பு: 'ஏகாந்தன் சாப்பிடுகிறார்'. தன் பெயர் கேலி இல்லாமல் அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை. அதற்காகவே ஒரு சந்தன நிறச் சட்டை எடுத்து வைத்திருந்தார்.

வீட்டில் இதெல்லாம் எடுபடவில்லை. மனைவி அமராவதி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட வைத்து, சட்டி கவிழ்த்துவிட்டு வருகிறவருக்குக் காமிக்ஸுக்கு ஏது நேரம்? அந்த மாவு மில் மாமாவின் மகள்தான் அமராவதி. இருந்தும், கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் கணவரின் காமிக்ஸ் பீரோவை அவர் ஒரு தடவை கூடத் திறந்ததில்லை. அதற்கு அவர் வைத்த பெயர் பூச்சி பீரோ.

"ஞாயித்துக்கெழம நீயும் வாயேன்" என்று உதயசூரியன் கூப்பிட்டுப் பார்த்தார்.

"நான் அங்க வந்து என்னத்தப் பண்ண? வசம்பு விக்கவா?" என்றார் அமராவதி.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷர்லி ஒரு படம் போட்டார். ஷர்லி புதுக்கோட்டையில் வங்கி ஊழியர். குழுவில் இளையவர், ஆனால் எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் பேசாதவர். காரைக்குடியில் யாரோ ஒருவரின் பழைய பெட்டியோடு அவருக்கு அந்த ஐந்து கதைகளும் மொத்தமாகக் கிடைத்துவிட்டன. குழு ஆடிப் பாடிக் கொண்டாடியது. உதயசூரியனும் கைதட்டும் பொம்மை போட்டார். அதற்குக் கீழேயே ஷர்லி 'ஏழாவது சாவி'யின் கடைசிப் பக்கத்தைப் போட்டு எழுதியிருந்தார்: "அண்ணே, இதுல சாப்பாடே இல்லையே?"

படத்தில் ஏகாந்தன் ரயில் ஏறிக்கொண்டிருந்தான். 'அடுத்த வழக்கு அவரை அழைத்தது' என்று இருந்தது. அவ்வளவுதான்.

உதயசூரியன் யோசிக்கவே இல்லை. "அது மறுபதிப்புமா. மொதப் பதிப்புல சாப்பிடுவாரு" என்று தட்டினார்.

"அட்டையில இடம்புரிச் சங்குண்ணே. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

பிறகு வரிசையாக மற்ற நான்கும் வந்தன. ஏகாந்தன் ஒன்றில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றில் சிகரெட் பற்ற வைத்தான். ஒன்றில் மழையில் நடந்தான். பனிமலையில் பனியைப் பார்த்தான். ஒரு கவளம் சோறு கிடையாது. ஷர்லி கிண்டலாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.  அன்றைக்குக் குழுவில் பேச்சை முடிக்க யாரும் "சாப்பிட்டாரா" என்று கேட்கவில்லை.

"பேராவூரணி வண்டி எப்பங்க?" என்று ஒரு பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பிச்சையக் கேளுங்க" என்றார் உதயசூரியன்.

மறுநாள் காலையில் சார்லஸ் போன் செய்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அண்ணே, வெள்ளிக்கெழம சாயந்தரம் அச்சுக்குக் குடுக்கணும். ஒங்க முன்னுரை அப்படியே இருக்கு. நான் கை வைக்கல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நான் படிச்சேன் சார். என் கண்ணால படிச்சேன்."

"இல்லேங்கலண்ணே. நீங்க அன்னைக்குப் படிச்ச புத்தகத்த ஒரு தடவ பாத்துட்டா நல்லது."

முன்னுரை போனால் போகிறது. உதயசூரியனைத் தின்றது அது இல்லை. கத்திரிக்காய்க் குழம்பு பொய் என்றால், முப்பத்தொன்றாம் நம்பரும் பொய்யாக இருக்கலாம், இடம்புரிச் சங்கும் பொய்யாக இருக்கலாம். இத்தனை வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதில் மொத்தமும் சந்தேகத்துக்கு வந்துவிடும். போனுக்குள்ளும் ஆட்கள் பிச்சை பக்கம் திரும்பிவிடுவார்கள். அதைவிட மோசம், தன் தலையையே தன்னால் நம்ப முடியவில்லை. இல்லாத குழம்பை நாற்பது வருடமாகத் தானேதான் காய்ச்சிக்கொண்டிருந்தோமா?

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கீரமங்கலம் வண்டி ஏறினார். வீட்டில் சொல்லவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மில் இருந்த கட்டடத்தில் இப்போது மச்சினன் குணசேகரன் பூ வியாபாரம் செய்கிறார். மெஷின் நின்ற இடத்தில் முல்லை மூட்டைகள். "வாங்க மச்சான், என்ன திடீர்னு?" என்றவர், வந்த காரியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அந்தப் பொம்மப் புத்தகமா? மேல பரண்ல ஒரு தகர டப்பா கெடக்கு. எலி தின்னது போக மிச்சமிருந்தா எடுத்துக்கங்க."

ஏணி போட்டு ஏறி டப்பாவை இறக்கினார்கள். பெரும்பாலும் தூளாகிக் கிடந்தது. கையில் நின்றவை மூன்று. நடுவில் இருந்தது 'ஏழாவது சாவி'. உதயசூரியன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

'ஏகாந்தன் வீட்டுக்குச் சென்றார். கை கால் கழுவினார். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார். சுபம்.'

"இந்தா இருக்குடா மாப்ள!" என்று அவர் போட்ட சத்தத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலை நன்றாகத்தான் இருக்கிறது. குழம்பு இருக்கிறது. உடனே போனை எடுத்துப் படம் பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்று வாசலுக்கு வந்து, பின்னட்டையிலிருந்து பெயர்ந்து வந்திருந்த பக்கத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

தாளுக்குப் பின்னாலிருந்து பெரிதாக ஒரு '3' கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித் தெரிந்தது. அதற்குக் கீழே வைகாசி. அதற்கும் கீழே மேல்நோக்கு நாள்.

அது தினசரி காலண்டரில் கிழித்த தாள். நீலச்சங்கின் பக்கமும் அதே அளவு, அதே மட்டமான தாள், அதே பழுப்பு. தேதி இருக்கும் பக்கத்தை அட்டையோடு மைதா பசையால் ஒட்டி, வெற்றுப் பின்பக்கத்தில் யாரோ கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நீலச்சங்கின் வசனமெல்லாம் கையெழுத்துத்தான். ஒரு ஆள் உட்கார்ந்து எழுதி அச்சுக்குக் கொடுத்தது. அதனால் பன்னிரண்டு வயதுக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மற்ற இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இரண்டிலும் காலண்டர் தாள்.

எழுத்தை இன்னொரு தடவை பார்த்தார். ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம். 'ஏகாந்தன்' மேல் வட்டம். 'கத்திரிக்காய்க் குழம்பும்' மேல் வரிசையாக வட்டம். இந்த வட்டங்களை அவர் தினமும் பார்க்கிறார். அடுப்படி அலமாரியில் மல்லித்தூள் பாட்டிலில், வெந்தய டப்பாவில், கடலைப்பருப்பு ஜாடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில்.  முல்லை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், மூட்ட!" என்று குணசேகரன் கத்தினார்.

திரும்பி வரும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே வைத்துப் பிடித்த முதல் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதில் 3 தெரியவில்லை, வைகாசி தெரியவில்லை. அதை மட்டும் குழுவில் போட்டுவிட்டு, 'பாருங்கள், இதுதான் முதன்முதலில் வந்தது, நிறுத்திவிட்டுப் பிறகு முடிவை மாற்றி அச்சடித்தார்கள்' என்று ஒரு வரி எழுதினால் போதும். சார்லஸ் நம்புவார். ஷர்லி கூட நம்ப வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சந்தனச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கலாம். அந்த வரியை அவர் எழுதியும் விட்டார். அனுப்பும் அம்புக்குறி மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டே ஆலங்குடி வந்து சேர்ந்தார். அனுப்பவில்லை. அவர் நல்லவர் என்பதால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

அமராவதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். உதயசூரியன் கொண்டு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

அமராவதி பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். பிறகு கலகலவென்று சிரித்தார். "அடியாத்தி! இது எங்கங்க கெடந்துச்சு?"

"நீதானே எழுதுன?"

"நானேதான். நாலாப்பு படிச்சேன் அப்ப."

"எதுக்குடி எழுதுன?"

"எதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க." அமராவதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மில்லுக்கு வர்ற ஆளுக கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல கிழிக்கும், கை தொடைக்க. ஒரு வருசம் லீவுக்கு வந்திருந்தீங்க. இந்தப் புத்தகத்தப் படிச்சிட்டு, முடிவு என்னன்னு தெரியாமச் சாப்பிட வர மாட்டேன்னு மில்லுலயே ஒக்காந்துட்டீங்க. மணி மூணு ஆச்சு. ஆத்தா வந்து கூப்பிட்டுச்சு, அப்பா வந்து கூப்பிட்டாரு, அசையல. நீங்க சாப்பிடாம எனக்கும் சோறு போட மாட்டேன்னுட்டாக, விருந்தாளிப் புள்ளையாம். எனக்குன்னா பசி உசுரு போகுது. காலண்டர்ல தாளக் கிழிச்சு எழுதி ஒட்டி, 'இந்தாங்க, கடைசிப் பக்கம் கெடச்சிருச்சு'ன்னு நீட்டுனேன். படிச்சீங்க. அந்தாளே வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டுட்டாருன்னு தெரிஞ்சதும் பேசாம எந்திருச்சு வந்து சாப்பிட்டீங்க."

"கத்திரிக்காக் கொழம்பு."

"அன்னைக்கு வீட்டுல அதுதான்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"நல்லா வேல செஞ்சுச்சுல்ல? அப்பறம் எந்தப் புத்தகத்துல பக்கம் போனாலும் எழுதி வச்சேன். மாவு அரைக்க வந்த புள்ளைகளும் முடிவு தெரியாம வீட்டுக்குப் போகாதுக. சாப்பிட்டாருன்னு போட்டா, சரி, முடிஞ்சிருச்சுன்னு டப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பும். அன்னன்னைக்கு வீட்டுல என்ன கொழம்போ அத எழுதிருவேன்."

"கதையப் படிச்சிட்டா எழுதுன?"

"அத யாரு படிச்சா? அந்தாளு போலீசா, களவாணியா? அதுவே எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

உதயசூரியனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மூன்று நீளமான பதிவுகளில் தான் தமிழாக்க மேதைமை என்று போற்றியது இந்த நாலாம் வகுப்புப் பிள்ளையின் பசியைத்தான். அது மட்டுமா? தன்னைச் சாப்பிட வைப்பதற்காக ஒருத்தி எழுதிய கதையை, அவளோடு இருபத்தேழு வருடம் சாப்பிட்டுக்கொண்டே, வேறு யாரோ எழுதியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இப்படியொரு ஆளை என்னவென்று சொல்வது?

எழுதி வைத்த வரியை அழித்தார். புதிதாக எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

'நண்பர்களே, நான் சொன்னது தப்பு. ஷர்லி போட்டதுதான் சரியான முடிவு. நான் படித்த படிகளில் கடைசிப் பக்கம் கிழிந்துபோய், என் மாமா மகள் காலண்டர் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அது தெரியாமல் நான் கொள்கை பேசிவிட்டேன். அவள்தான் இப்போது என் வீட்டுக்காரி. சார்லஸ் சார், முன்னுரையை எடுத்துவிடுங்கள். மில்லில் படித்ததை வைத்து நான் சொன்ன மற்றப் பதில்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் என்னை நம்ப வேண்டாம்.'

அதோடு, வாசலுக்குப் போய்த் தாளை மாலை வெயிலில் பிடித்து, 3 தெரிகிற மாதிரி எடுத்த படத்தையும் போட்டார்.

 உதயசூரியன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அது துடித்தது. பிறகு துடித்துக்கொண்டே இருந்தது. முதலில் வந்தது ஷர்லி: "அண்ணே, உலகத்துல ஒரே ஒரு படிதான் இருக்கிற முடிவு இது. இதுக்கு மேல அபூர்வமா என்ன வேணும்? மத்தக் கொழம்பெல்லாம் எங்க? படம் போடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்." வீரய்யா சிங்கப்பூரிலிருந்து, "முப்பத்தொண்ணு சரிதானேண்ணே?" என்று பயத்தோடு கேட்டிருந்தார். சார்லஸ் ஒரே வரி எழுதியிருந்தார்: "அக்காவ ஞாயித்துக்கெழம கூட்டிக்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை அமராவதி வந்தார். "கூப்புட்டாகன்னா போகாம இருக்க முடியுமா, மரியாதையா இருக்காது" என்று நீலச் சேலை கட்டிக்கொண்டு, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். புத்தகத்தில் முன்னுரை இல்லை. இருக்க வேண்டிய பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்தபோது உதயசூரியனுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து இதழ்களுக்கு எதிரிலும் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. கீழே பொடி எழுத்தில்: 'கீரமங்கலம் மாவு மில் படிக்கு மட்டும் வேறு முடிவு உண்டு. எழுதியவர் அமராவதி.' சார்லஸ் அதை மைக்கில் வாசித்ததும் எழுந்த கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அமராவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது ஷர்லி தன்னுடைய 'ஏழாவது சாவி'யைக் கண்ணாடித் தாளோடு கொண்டு வந்து கொடுத்தார். "அக்கா, நீங்க முழுசாப் படிச்சதே இல்லேன்னு அண்ணன் சொன்னாரு. படிச்சிட்டுத் தாங்க."

ஆலங்குடி வண்டியில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மத்தியான வெயில். அமராவதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டமாக, சத்துணவு அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு படித்தார். உதயசூரியன் போனை எடுக்கவில்லை. அவர் படிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டி பாதித் தூரம் தாண்டியிருக்கும். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அமராவதி நிறுத்தினார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும்."

கேள்வி என்றதும் உதயசூரியன் தன்னையறியாமல் நிமிர்ந்தார். இருபத்தேழு வருடத்தில் அமராவதி காமிக்ஸைப் பற்றி அவரிடம் கேட்கும் முதல் கேள்வி.

"இந்தாளுக்குப் பொண்டாட்டி இல்ல. ஆத்தா இல்ல. அக்கா தங்கச்சின்னு ஒரு நாதி இல்ல. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிச் சாப்பிட்டாருன்னு எழுதிட்டேன். அங்க யாருங்க சோறாக்கி வச்சிருப்பா?"

நூற்று அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. எறும்பு சைஸ் எழுத்தெல்லாம் தெரிந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே முந்திரித் தோப்புகள் ஓடின. இரண்டு நிறுத்தம் போயிற்று.

"நீதான்" என்றார்.

அமராவதி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பஸ்ஸில் யாராவது கேட்டார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே புத்தகத்தை மூடிக் கண்ணாடித் தாளுக்குள் வைத்தார்.

"முடிவு எனக்குத் தெரியும்" என்றார்.